கடைசி ஒரு நிமிடம் எங்கே? டேஷ்கேம் பதிவு பாதியில் அறுவது ஏன், சரிசெய்வது எப்படி

வாடகைக் கார், ஆட்டோ ஓட்டும் சகோதரர்களும் சொந்தக் கார் வைத்திருக்கும் குடும்பத்தினரும் இன்று இரவு ஒரு சிறு வேலை செய்யுங்கள். வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி அணைத்த பிறகு, டேஷ்கேமிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி, அதில் உள்ள கடைசிப் பதிவைப் பிள்ளைகளின் லேப்டாப்பில் ஓட்டிப் பாருங்கள். நீங்கள் வாசலில் வந்து நிற்பது அதில் தெரிகிறதா? சிலருக்குத் தெரியாது. லஸ் கார்னரில் திரும்பிக் கச்சேரி சாலைக்குள் நுழையும் வரை படம் இருக்கும். அங்கிருந்து வீடு வந்து சேர்ந்த இரண்டு மூன்று நிமிடம் காணாமல் போயிருக்கும். இன்னும் சிலருக்குக் கடைசி ஃபைல் இருக்கும், ஆனால் திறக்காது. அதன் அளவு பூஜ்யம் என்று காட்டும்.

அன்றாட ஓட்டத்தில் இந்தக் குறை கண்ணில் படுவதில்லை. வாசலில் வண்டி நிற்பதைப் பார்க்க யாருக்கு ஆவல்? ஆனால் ஒரு மோதலில் பேட்டரி ஒயர் அறுந்தாலும், சார்ஜர் தெறித்து விழுந்தாலும், பதற்றத்தில் நாமே சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாலும் கேமராவுக்கு நடப்பது இதேதான். மின்சாரம் நின்ற கணத்துக்கு முந்தைய சில நிமிடங்கள் போய்விடும். அடையாறிலிருந்து மந்தைவெளி வரை அமைதியாக ஓட்டி வந்த அரை மணி நேரம் பத்திரமாக இருக்கும். எந்த நிமிடத்துக்காகக் கேமரா வாங்கினோமோ அது மட்டும் இருக்காது.

அந்த ஒரு நிமிடத்தின் மதிப்பைச் சட்டத்தின் கணக்கிலேயே சொல்லலாம். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்று தெரியவில்லை என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 161-வது பிரிவின்படி கிடைப்பது உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள தொகை இது. வண்டியின் எண் தெரிந்தால் கதை வேறு. அதன் உரிமையாளர் மீதும் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் மீதும் 166-வது பிரிவின் கீழ் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்றத்தில் இவை விசாரிக்கப்படுகின்றன. இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் எத்தனை பேர் என்பதையெல்லாம் வைத்து அங்கே தொகை கணக்கிடப்படும். ஒரு குடும்பத்தின் பல வருடச் செலவு, ஓடிப்போன வண்டியின் நம்பர் பிளேட் தெரியும் இரண்டு நொடிப் படத்தில் அடங்கியிருக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. பைக்கும் காரும் மோதினால் கூடுகிற கூட்டம் பெரிய வண்டியைத்தான் முதலில் குற்றம் சொல்லும். தவறு தன்மேல் இல்லை என்று காட்ட ஓட்டுநருக்கு அந்த இடத்தில் வேறு சாட்சி கிடைப்பது அரிது.

பதிவு அறுவது ஏன்?

டேஷ்கேம் படத்தை ஒரே நீளமாக எழுதுவதில்லை. ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்று துண்டு துண்டாக எழுதுகிறது. கார்டு நிறைந்ததும் பழைய துண்டை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். இதைத்தான் லூப் ரெக்கார்டிங் என்கிறோம். பெரும்பாலான கேமராக்கள் இந்தத் துண்டுகளை எம்பி4 என்ற வகையில் சேமிக்கின்றன. சிக்கல் அங்கேதான்.

ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் நாள் முழுக்க விற்பனையைத் துண்டுச் சீட்டுகளில் கிறுக்கிப் போடுகிறார். இரவு கடை அடைக்கும்போதுதான் உட்கார்ந்து பேரேட்டில் ஏற்றுகிறார். அதற்குள் விளக்கு அணைந்து அவர் எழுந்து போய்விட்டால் சீட்டுகள் அங்கேயே கிடக்கும். எது எதற்குப் பிறகு என்று சொல்லும் பேரேடு இருக்காது. எம்பி4 ஃபைலும் அப்படித்தான். படத் தரவு தொடர்ந்து கார்டில் விழுந்துகொண்டே இருக்கும். எந்தப் படம் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை, துண்டு முடியும்போதுதான் எழுதப்படும். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் இதை ‘மூவ்’ பகுதி என்பார்கள். துண்டு முடியும் முன் மின்சாரம் நின்றால் அட்டவணை இல்லை. அட்டவணை இல்லாத ஃபைலை எந்தப் பிளேயரும் திறக்காது. படம் பெரும்பாலும் கார்டில்தான் கிடக்கிறது. அதை எடுத்துக் காட்ட வழிதான் இல்லை. பின்னால் மீட்பு பற்றிச் சொல்லும்போது இது உதவும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் நின்ற பிறகும் ஃபைலை மூட கேமராவுக்குச் சில நொடிகள் உயிர் வேண்டும். அதற்காகவே உள்ளே ஒரு சிறு லித்தியம் பேட்டரியோ சூப்பர் கெபாசிட்டரோ வைக்கிறார்கள். டேஷ்கேமின் நம்பகம் முழுவதும் இந்தச் சிறு பொருளில் நிற்கிறது. கடைகளில் விளம்பரப்படுத்துவதோ 2கே, 4கே, இரவுப் பார்வை, வைஃபை.

இது நம் வண்டிக் கேமராவின் பிரச்சினை மட்டுமல்ல. 2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் ஜேஜு ஏர் விமானம் ஓடுபாதையைத் தாண்டி மோதி 179 பேர் இறந்தார்கள். கறுப்புப் பெட்டிகள் இரண்டையும் திறந்து பார்த்தபோது, மோதலுக்குச் சுமார் 4 நிமிடம் முன்பே இரண்டும் நின்றுபோயிருந்தன. விசாரணைக்கு மிகவும் தேவையான 4 நிமிடம் அது. பதிவுக் கருவிக்கென்று தனி மின்சாரம் அந்த விமானத்தில் இல்லை. அகமதாபாத்தில் 2025 ஜூன் 12 அன்று விழுந்த ஏர் இந்தியா விமானத்தில் முன்பக்கப் பதிவுக் கருவிக்குத் தனி மின்சாரம் இருந்தது. அதிலிருந்து சுமார் 49 மணி நேரப் பறப்புத் தரவும் 2 மணி நேர ஒலிப்பதிவும், கடைசிக் கணங்கள் உட்பட, கிடைத்தன. கோடிக்கணக்கில் விலை உள்ள கருவிக்கும் நம் டேஷ்கேமுக்கும் கேள்வி ஒன்றே: வெளி மின்சாரம் போன பிறகு எத்தனை நொடி உயிரோடு இருக்கும்?

சென்னை வெயிலும் உள்ளே இருக்கும் பேட்டரியும்

விலை குறைந்த கேமராக்களில் பெரும்பாலும் லித்தியம் பேட்டரிதான் இருக்கும். லித்தியம் பேட்டரிக்கு ஆகாதது வெப்பம். மே மாதத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெட்டவெளியில் நிறுத்திய காரின் டேஷ்போர்டுப் பக்கம் 60 டிகிரியை எளிதாகத் தாண்டும். முன்கண்ணாடியில் ஒட்டிய கேமரா நேர் வெயிலில் காய்கிறது. இப்படி ஓரிரு கோடை கழிந்தால் பேட்டரி சாரமற்றுப் போகும். கேமரா வழக்கம்போல எரியும், படம் தெளிவாக இருக்கும், வெளியே எந்த மாற்றமும் தெரியாது. மின்சாரம் நின்ற கணத்தில் ஃபைலை மூடும் தெம்பு மட்டும் இருக்காது.

பேட்டரி கெட்டதற்கு இரண்டு அடையாளம் சொல்கிறேன். ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் தேதி ஏதோ ஒரு பழைய வருடத்தின் ஜனவரி 1-க்குத் திரும்பிவிடுகிறதா? கடிகாரத்தைத் தாங்கும் சக்தி உள்ளே தீர்ந்துவிட்டது. கேமராவின் பின்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டோ, பட்டன்கள் இறுகியோ, திரை விளிம்பில் பிளவோ தெரிகிறதா? பேட்டரி உப்பிவிட்டது. இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். உடனே வண்டியிலிருந்து கழற்றிவிடுங்கள். அழுத்திப் பார்ப்பது, ஊசியால் குத்துவது, திரும்ப சார்ஜ் போடுவது கூடாது. தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது. குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள். பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்கவே வேண்டாம்.

சூப்பர் கெபாசிட்டர் உள்ள கேமரா வெப்பத்தைப் பேட்டரியைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் அது சில நொடிகள்தான் உயிர் தரும். அந்தச் சில நொடியே ஃபைலை மூடப் போதும். கேபிளைக் கழற்றியதும் கேமரா அணைந்துவிடுகிறதே, பேட்டரி போய்விட்டது என்று சிலர் இதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அது பழுதில்லை, அதன் இயல்பே அப்படி. புதிதாக வாங்குபவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எந்தக் கடையில் ஏறினாலும் முதலில் கேட்க வேண்டியது, “உள்ளே பேட்டரியா, கெபாசிட்டரா?” என்பதைத்தான். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் பெட்டியின் மேல் பாருங்கள். என் கருத்தில், நம் ஊர் வெயிலுக்கு 4கே படத்தைவிடக் கெபாசிட்டர் முக்கியம்.

பிடுங்கிப் பார்க்கும் சோதனை

உங்கள் கேமராவின் நிலை என்ன என்று தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம் போதும். வண்டி நின்ற இடத்திலேயே செய்யுங்கள், ஓடும்போது வேண்டாம். கார்டில் பாதுகாக்க வேண்டிய பதிவு இருந்தால் முதலில் நகல் எடுத்துவிடுங்கள். இன்ஜினை ஓட விட்டு, மொபைலில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, கேமராவின் முன்னால் பிடியுங்கள். புதிய துண்டு தொடங்கி 40 நொடி அளவில் ஆனதும் சார்ஜரை சாக்கெட்டிலிருந்து நேராகப் பிடுங்குங்கள். கேமராவின் பட்டனை அழுத்தி அணைக்கக் கூடாது. பட்டனில் அணைத்தால் அது நிதானமாக ஃபைலை மூடிவிடும், சோதனையில் ஒன்றும் தெரியாது. பிடுங்கிய கணத்தில் ஸ்டாப்வாட்ச் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கேமரா முழுதாக அணைந்த பிறகு ஒரு நிமிடம் விட்டுக் கார்டை எடுத்துக் கடைசிப் பதிவைப் பாருங்கள்.

படத்தில் தெரியும் ஸ்டாப்வாட்ச், நீங்கள் குறித்த எண்ணுக்கு ஓரிரு நொடி வித்தியாசத்தில் வந்து நின்றால் கேமரா ஆரோக்கியமாக இருக்கிறது. கடைசி ஐந்தாறு நொடி மட்டும் குறைந்தால் கார்டின் வேகத்தைச் சந்தேகியுங்கள். அந்தத் துண்டே இல்லை, அல்லது திறக்கவில்லை என்றால் உள்ளிருக்கும் பேட்டரியோ கெபாசிட்டரோ தன் வேலையைச் செய்யவில்லை.

ஒரு முறை பார்த்து முடிவு கட்ட வேண்டாம். இருபது நிமிடம் ஓடிய பிறகு ஒரு முறை செய்யுங்கள். நண்பகலில் வெயிலில் நின்ற வண்டியில் ஒரு முறை செய்யுங்கள். சாவி போட்டு ஒரு நிமிடத்துக்குள் மூன்றாவது முறை. இந்த மூன்றாவதில் கெபாசிட்டர் கேமராக்கள் தோற்கலாம், ஏனென்றால் கெபாசிட்டர் நிறையச் சற்று நேரம் பிடிக்கும். அதற்காகக் கேமராவை மாற்ற வேண்டியதில்லை. வண்டியைக் கிளப்பியதும் சந்துக்குள்ளிருந்து மெயின் ரோட்டில் சட்டென்று பாயாமல் இருக்க இன்னொரு காரணம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனையில் தோற்ற பழைய கேமராவை உடனே தூக்கிப் போடவும் வேண்டாம். செட்டிங்கில் போய் துண்டின் நீளத்தை ஒரு நிமிடமாக மாற்றுங்கள். ஐந்து நிமிடத் துண்டில் கடைசி நொடியில் மின்சாரம் போனால் ஐந்து நிமிடமும் போகும். ஒரு நிமிடத் துண்டில் போவது அதிகபட்சம் அந்த ஒரு நிமிடம். சில கேமராக்களில் எம்பி4-க்குப் பதிலாக டிஎஸ் என்ற வகையைத் தேர்ந்தெடுக்கலாம். டிவி ஒளிபரப்புக்காக உருவான வகை இது. படம் 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாக எழுதப்படும், கடைசியில் பேரேடு எழுத வேண்டியதில்லை. எங்கே அறுந்தாலும் அதுவரை உள்ளது ஓடும். உங்கள் கேமராவில் அந்த வசதி இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

ஓடும்போதே அறுந்தால்

கடைசித் துண்டு சரியாக இருக்கிறது, ஆனால் நடுவில் அங்கங்கே பதிவு இல்லை என்பது வேறு நோய். இதில் முதல் சந்தேகம் சார்ஜர் மேல்தான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சார்ஜரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். மெட்ரோ வேலையால் லஸ், மயிலாப்பூர் குளப் பக்கம் சாலை மாற்றி மாற்றி விடப்படுகிறது. இரும்புத் தகட்டின் மேல் ஏறி இறங்கும்போது சார்ஜர் ஒரு கணம் தொடர்பு விட்டுப் பிடிக்கும். கேமரா அணைந்து மறுபடி எரிய ஏழெட்டு நொடி ஆகலாம். சார்ஜரை விரலால் லேசாக ஆட்டிப் பாருங்கள். திரை அணைந்தால் விடை கிடைத்துவிட்டது.

அடுத்தது கேபிள். கேமராவோடு வந்த நீளக் கேபிள் பிய்ந்துபோனதும் வீட்டில் கிடக்கும் மொபைல் கேபிளை மாட்டுகிறோம். மூன்று மீட்டர் நீள மெல்லிய ஒயரில் 5 வோல்ட் போய்ச் சேரும்போது குறைந்துவிடும். பகலில் ஓடும் கேமரா இரவில் கூடுதல் விளக்கு எரியும்போது அணைகிறது என்றால் இதுதான் காரணமாக இருக்கும். கார் ஸ்டீரியோவின் யுஎஸ்பியில் செருகினால் சில கேமராக்கள் தன்னைக் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு பதிவே செய்யாமல் உட்கார்ந்திருக்கும். அதற்கென்று வந்த சார்ஜரே நல்லது.

காலையில் வண்டியைக் கிளப்பும்போது இரண்டு மூன்று நொடியில் ஒரு உடைந்த ஃபைல் விழுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த நொடியில் பேட்டரி 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கலாம், பல கார்கள் சாக்கெட்டையும் அப்போது துண்டித்துவிடும். கேமரா ஒருமுறை அணைந்து எரிகிறது, அவ்வளவுதான்.

கார்டு பற்றியும் ஒரு வார்த்தை. டேஷ்கேம் கார்டில் நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருக்கும். 1080 அளவுப் படம் நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தில் என்றால் மணிக்கு ஆறேமுக்கால் ஜிபி. 32 ஜிபி கார்டு நாலரை மணி நேரத்தில் ஒரு சுற்று நிறைந்துவிடும். பத்து மணி நேரம் ஓட்டும் டாக்ஸியில் தினமும் இரண்டு தடவை அழித்து எழுதப்படுகிறது. மொபைலுக்கான சாதாரண கார்டு இதைத் தாங்காது. ‘ஹை என்ட்யூரன்ஸ்’ என்று எழுதிய கார்டு வாங்குங்கள். ரிச்சி தெருவில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் அதன் உண்மையான கொள்ளளவைச் சோதித்துவிட்டு வாங்குங்கள். 128 என்று அச்சிட்ட போலிக் கார்டில் உள்ளே 16 இருந்தால் பதிவு எங்கே அறும் என்று சொல்லவே முடியாது. புதிய கார்டைக் கம்ப்யூட்டரில் அல்ல, கேமராவிலேயே ஃபார்மேட் செய்ய வேண்டும். மாதம் ஒரு முறை இப்படிச் செய்வது நல்லது.

ஜி சென்சார் என்பது அதிர்ச்சியை உணர்ந்து அந்தத் துண்டை அழியாமல் பூட்டி வைக்கும் வசதி. அதை ‘ஹை’யில் வைத்தால் நம் சாலையில் ஒவ்வொரு பள்ளமும் ஒரு விபத்தாகப் பதிவாகும். பூட்டிய துண்டுகளே கார்டை நிறைத்துவிட்டு, கடைசியில் பதிவு நின்றுபோகும். ‘லோ’வில் வையுங்கள்.

ஆட்டோ ஓட்டுநர்களுக்கு

ஆட்டோவில் நடப்பது சற்று வித்தியாசம். கேஸ் மிச்சப்படுத்த சிக்னலில் சாவியைத் திருப்பி அணைப்பது வழக்கம். கேமரா சாவி வழியாக வரும் ஒயரில் இணைக்கப்பட்டிருந்தால் ஒவ்வொரு சிக்னலிலும் அதுவும் அணைகிறது. பச்சை விழுந்து வண்டி கிளம்பும்போதுதான் கேமரா மெல்லக் கண் திறக்கிறது. சிக்னலில் பச்சை விழும் கணத்தில்தான் பக்கவாட்டிலிருந்து யாராவது பாய்ந்து வருவார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளில் ஐம்பது தடவை இப்படி அணைந்து எரிந்தால் கார்டும் சீக்கிரம் கெடும்.

இதற்கு வழி, கேமராவை பேட்டரியிலிருந்து நேராக, நடுவில் ஃபியூஸ் போட்டு, 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும் சிறு கன்வெர்ட்டர் வழியாக இணைப்பது. தனி சுவிட்ச் ஒன்று வைத்துக்கொண்டு, காலையில் சவாரிக்கு எடுக்கும்போது போட்டு இரவில் அணைத்தால் போதும். நல்ல எலக்ட்ரீஷியனுக்கு இது அரை மணி நேர வேலை. ஃபியூஸ் இல்லாமல் இணைக்க மட்டும் சம்மதிக்காதீர்கள்.

நிறுத்தி வைத்த வண்டி

ஜும்ஆவுக்கு வண்டியை ஓரமாக விட்டுவிட்டுத் திரும்பும்போது பம்பரில் புதுக் கீறல் இருக்கும். இதற்காகவே பார்க்கிங் மோடு வைக்கிறார்கள். வண்டி அணைந்திருக்கும்போதும் கேமரா ஓட ‘ஹார்ட்வயர் கிட்’ தேவை. இந்தக் கிட், கார் பேட்டரி குறிப்பிட்ட வோல்ட்டுக்குக் கீழே போனால் கேமராவை அணைத்துவிடும், இல்லையென்றால் மறுநாள் வண்டி கிளம்பாது. நிறைய சார்ஜ் உள்ள பேட்டரி, வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டும். கிட்டை 12.4-ல் வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே பதிவு நின்றுவிடும், 11.6-ல் வைத்தால் பேட்டரி சாகும். 12 முதல் 12.2 வரை வைப்பது நடுவாந்திரம். 12.2-ல் வைத்தும் ஒரு மணி நேரத்தில் அணைகிறது என்றால் கிட்டை விட்டுவிட்டுக் கார் பேட்டரியின் வயதைப் பாருங்கள். வண்டியை விட்டுவிட்டு ஊருக்குப் போகும்போது கிட்டை அணைத்துவிட்டுப் போகவும்.

வீட்டு வாசல், கடைக் கேமராக்களுக்கும் இதே கதைதான். சென்னைக் காவல்துறையின் ‘மூன்றாவது கண்’ திட்டத்துக்குப் பிறகு நம் தெருக்களில் கேமரா இல்லாத கட்டிடம் குறைவு. கரண்ட் போனதும் அவற்றில் பாதி குருடாகிவிடுகிறது. ரெக்கார்டருக்கு யுபிஎஸ் இருந்தும் கேமராவின் அடாப்டர் சாதாரண பிளக்கில் இருந்தால் பயனில்லை. இரண்டையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

விபத்து நடந்துவிட்டால்

முதலில் மனிதர்கள். அடிபட்டவரை மருத்துவமனைக்கு அனுப்பி, 108-க்கும் 100-க்கும் சொன்ன பிறகுதான் கேமரா.

கேமரா இன்னும் எரிந்துகொண்டிருந்தால் கார்டை அப்படியே உருவாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது உருவினால் நாமே அட்டவணையைக் கெடுத்தவர்கள் ஆவோம். பூட்டு பட்டனை அழுத்துங்கள், பிறகு பவர் பட்டனில் அணையுங்கள், விளக்கு அணைந்த பிறகு கார்டை எடுங்கள். மோதலிலேயே கேமரா அணைந்திருந்தால் அதைத் திரும்ப எரிய வைக்கவே கூடாது. சார்ஜரை மாட்டிப் “பதிவாகி இருக்கிறதா பார்ப்போம்” என்று ஆன் செய்வதுதான் எல்லோரும் செய்வது. கேமரா ஆன் ஆனதும் புதிய பதிவைத் தொடங்கும். மூடப்படாத பழைய ஃபைல் கிடக்கும் இடத்தைக் காலி இடம் என்று நினைத்து அதன் மேலேயே எழுதிவிடலாம். அதன் பிறகு யாராலும் மீட்க முடியாது.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் செருகும் முன், கார்டு அடாப்டரின் ஓரத்தில் உள்ள சிறு தாழ்ப்பாளை ‘லாக்’ பக்கம் தள்ளுங்கள். அப்போது கம்ப்யூட்டரால் அதில் எதையும் எழுத முடியாது. கார்டில் பிழை இருக்கிறது, சரிசெய்யவா என்றும், ஃபார்மேட் செய்யவா என்றும் திரையில் கேட்கும். இரண்டுக்கும் வேண்டாம் என்று சொல்லுங்கள். தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கார்டு முழுவதையும் இமேஜாக ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைல்களை மட்டும் இழுத்துப் போட்டால் போதாது, மூடப்படாத பதிவு அதில் வராது. மீட்பு வேலை எல்லாம் அந்த நகலில்தான் நடக்க வேண்டும்.

திறக்காத எம்பி4 ஃபைலைச் சரிசெய்ய ‘அன்ட்ரங்க்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதே கேமராவில் அதே செட்டிங்கில் பதிவான நல்ல ஃபைல் ஒன்றைக் கொடுத்தால், அதை மாதிரியாக வைத்து உடைந்த ஃபைலுக்குப் புதிய அட்டவணை கட்டித் தரும். ஆகவே டெக்னீஷியனிடம் போகும்போது உடைந்ததோடு ஒரு நல்ல ஃபைலையும் கொண்டுபோங்கள். ஃபைல் அளவு பூஜ்யம் என்று இருந்தாலும் கார்டை முழுதாகத் தேடினால் தரவு கிடைக்க வாய்ப்பு உண்டு. எல்லா முறையும் வெற்றி கிடைக்காது. ஆனால் முயன்று பார்க்காமல் கார்டை ஃபார்மேட் செய்ய வேண்டாம்.

கோர்ட்டில் ஏற வேண்டுமானால்

2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவின்படி, இப்படிப்பட்ட மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது ஒரு சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பழைய சட்டத்தில் 65பி என்று வக்கீல்கள் சொல்லிக்கொண்டிருந்ததன் புதிய வடிவம் இது. இதில் இரண்டு பகுதிகள். ஒன்றைக் கருவியை வைத்திருந்தவர் நிரப்ப வேண்டும், மற்றதை ஒரு நிபுணர் நிரப்ப வேண்டும். ஃபைலின் ‘ஹாஷ்’ எண்ணையும் அதில் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி. ஃபைலில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் எண் முழுதாக மாறிவிடும்.

அதனால் சில காரியங்களைத் தவிர்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், கைரேகையும் மாறிவிடும், நம்பர் பிளேட்டும் கலங்கிவிடும். உறவினருக்குக் காட்ட அனுப்பலாம், அதையே போலீசிடம் கொடுப்பது போதாது. தேவையான இடத்தை மட்டும் வெட்டிக் கொடுப்பதும் சரியல்ல. சரிசெய்த ஃபைலின் கைரேகை மூலத்திலிருந்து வேறுபடும் என்பதால், உடைந்த மூலத்தையும் கூடவே வைத்து, இது இன்ன முறையில் மீட்கப்பட்டது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். கேமராவின் தேதியும் நேரமும் தவறாக இருந்திருந்தால் அதையும் முதலிலேயே வக்கீலிடம் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு கண்டுபிடித்துக் கேட்டால் நல்ல பதிவும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

கார்டைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு அதிகாரி கேட்டால் கொடுத்துவிடலாம். கொடுக்கும் முன் இமேஜ் நகலும் ஹாஷ் எண்ணும் உங்களிடம் இருக்கட்டும். கார்டின் நிறுவனப் பெயர், கொள்ளளவு, அதன் பின்னால் உள்ள சிறு எண், ஒப்படைத்த தேதி ஆகியவற்றை எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அன்றே வேறு கார்டு வாங்கிக் கேமராவில் போட்டு ஃபார்மேட் செய்து, பிடுங்கிப் பார்க்கும் சோதனையை ஒருமுறை செய்த பிறகு வண்டியை எடுங்கள்.